புல்லட்டை நகர்த்த ஆள் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டே இருக்கணுமா?

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் சேலம் அம்மாப்பேட்டையில இருந்து எழுதறேன். எங்க மாமனார் தறி ஓட்டிட்டு இருந்த காலத்துல இருந்தே எங்க வீட்டுக்கு உங்க பேப்பர்தான் வருது, ஆனா நான் கடிதம்னு எழுதறது இதான் மொத தடவை. வாராவாரம் வீடு கட்டறது பத்தி ஒரு பக்கம் போடறீங்க இல்லீங்களா, அதை நான் ஒரு வாரம் விடாம படிப்பேன். சமையக்கட்டு மேடை எந்த உயரம், ஜன்னல் எந்தப் பக்கம், மாடிப்படி எத்தனை படின்னு எல்லாம் விவரமா வருது. ஆனா வண்டி நிறுத்தற இடம்னு வந்தா இத்தனை அடி விடுங்கன்னு ஒரு வரியோட முடிஞ்சிருது. அந்த இடத்துக்குள்ள வண்டியை யாரு நகர்த்துவாங்க, எப்படி நகர்த்துவாங்க, தரை எப்படி இருக்கணும்னு ஒருத்தரும் பேசறதில்ல. நான் அதுல அடிபட்டு ஒன்றரை மாசம் படுத்தவ, அதனாலதான் வண்டியை சுலபமா நகர்த்தற டாலிங்கற சக்கரத் தட்டைப் பத்தியும், அதுக்கு ஏத்த தரையைப் பத்தியும் எழுதறேன்.

எங்க வீடு ஒண்ணரை சென்ட்டுல இருக்குங்க. முன்னாடி மாமா குழித்தறி (தரையில குழி வெட்டி, அதுக்குள்ள காலை விட்டு மிதிச்சு நெய்யற தறி) போட்டு நெய்ஞ்ச இடம்தான் இப்போ போர்டிகோ. அகலம் 9 அடி, நீளம் 13 அடி, அதுலயும் மாடிப்படி ஒரு மூலையை எடுத்துக்குது. இதுக்குள்ள என்னோட ஸ்கூட்டி பெப் பிளஸ், பையனோட பழைய சைக்கிள், அப்புறம் எங்க வீட்டுக்காரரோட புல்லட், கிளாசிக் 350, எல்லாம் நிக்கணும். அவரு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை, ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா அடுத்த சனிக்கிழமைதான் வருவாரு. ஞாயித்துக்கிழமை கடைசியா எடுக்கறது புல்லட்டுங்கறதால கேட்டுக்கு பக்கத்துல அதுதான் நிக்கும், என் ஸ்கூட்டி உள்ள மாட்டிக்கும். நான் ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதற வேலைக்குப் போறவ, திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு "கண்ணு, கொஞ்சம் வண்டியை ஓரமா தள்ளி வெச்சிட்டுப் போப்பா"ன்னு கேக்கணும். அந்தத் தம்பி தூங்கிட்டு இருந்தா எந்திரிக்கற வரைக்கும் நிக்கணும். வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடிச்சு. இது ஒரு பிரச்சனைன்னே எனக்குத் தோணல பாருங்க, அதான் எனக்கு இன்னைக்கும் வருத்தம்.

2023 ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி. கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், ஊரு பூரா அம்மன் கோயில்ல விசேஷம், எங்க வீதியில பந்தல் போட்டு சீரியல் செட் கட்டியிருந்தாங்க. வீட்டுக்காரரு ஒம்பதரைக்கு பஸ் ஏறிட்டாரு. பதினொண்ணரை இருக்கும், அத்தை கூப்பிட்டாங்க. அவங்களுக்கு 77 வயசு, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கறவங்க, அன்னைக்கு கோயிலுக்குப் போயிட்டு வந்த அசதியில ஊசி போட்டுட்டு சரியா சாப்பிடாம படுத்துட்டாங்க. போய்ப் பாத்தா ஜாக்கெட் எல்லாம் வேர்த்து நனைஞ்சு போயி கை வெடவெடன்னு ஆடுது, பேச்சு குழறுது. மிஷின்ல பாத்தா 48 காட்டுது. முழுங்கற அளவுக்கு நெனவு இருந்ததால சர்க்கரையை தண்ணியில கரைச்சு குடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிரலாம்னு வண்டியை எடுக்க வந்தேன். புல்லட் குறுக்க நிக்குது. அந்த நேரத்துல யாரைப் போயி எழுப்பறது, நாமளே தள்ளிடலாம்னு சைடு லாக்கை எடுத்தேன், சைடு ஸ்டாண்டைத் தட்டி விட்டேன்.

அது 195 கிலோ வண்டிங்க. என் ஸ்கூட்டி 93 கிலோ. கணக்கு எழுதறவளுக்கு அந்த வித்தியாசம் அன்னைக்கு தெரியல. புல்லட் நேரா நிக்கிற வரைக்கும் பாரமே தெரியாது, ஒரு விரல்ல புடிச்ச மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் சாய்ஞ்சிருச்சுன்னா அத்தனை கிலோவும் நம்ம மேல வந்து உக்காந்துரும். எங்க போர்டிகோ தரையில தண்ணி போக கேட்டுப் பக்கம் வாட்டம் குடுத்திருக்கு, அதனால ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி தானா பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு. முன் பிரேக்கைப் புடிக்கணும்னு எனக்குத் தெரியாது, ஹேண்டிலை இறுக்கிப் புடிச்சேன், ஹேண்டில் திரும்பிருச்சு, செருப்பு வழுக்கி நான் கீழ, வண்டி என் மேல. லெக் கார்டு இருந்ததால வண்டி முழுசா படுக்காம ஒரு ஜாண் தூக்கிட்டு நின்னுச்சு, அந்த ஒரு ஜாணுக்குள்ளதான் என் கால் இருந்துச்சு. கணுக்கால்ல ரெண்டு எடத்துல எலும்பு விட்டுப் போச்சு. சத்தம் கேட்டு பந்தல்காரப் பசங்க ஓடி வந்து மூணு பேரா தூக்கினாங்க. அத்தைக்கு கூப்பிட்ட 108ல அத்தையும் நானும் சேந்தே போனோம். அத்தை சர்க்கரைத் தண்ணி குடிச்சதுல வழியிலயே தெளிஞ்சுட்டாங்க, என் கையைப் புடிச்சுட்டே வந்தாங்க.

ஆறு வாரம் மாவுக்கட்டு. என்னைப் பாக்க வந்த பொம்பளைங்க பாதிப் பேரு அவங்கவங்க கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க, அதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது. கிச்சிப்பாளையத்துல இருந்து வந்த சொந்தக்காரங்க ஒருத்தங்க, வீட்டுக்காரரு வண்டியை நகர்த்த முடியாம மகளை ஸ்கூலுக்கு ஆட்டோவுல அனுப்பி மாசம் அதுக்கே தனியா காசு எடுத்து வெக்கறாங்களாம். எங்க தெருவுலயே ஒரு அக்காவுக்கு முதுகு புடிச்சு ரெண்டு வருஷமாச்சு, கடைசியில விசாரிச்சா அதுவும் வண்டியை பின்னாடி இழுத்ததுதான். ஆம்பளைங்களுக்கும் இதேதான். அறுபது தாண்டினவங்க, ஹெர்னியா ஆபரேஷன் ஆனவங்க, தோள்பட்டை தூக்க முடியாதவங்க இருக்காங்க, வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா தெனமும் ரெண்டு தடவை வண்டியை இழுத்து திருப்பி நிறுத்தத்தான் செய்யறாங்க.

கட்டு பிரிச்ச பெறகு எங்க தம்பி ஆன்லைன்ல ஒரு டாலி வாங்கிக் குடுத்தான். டாலின்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், கீழ சக்கரம் வெச்ச ஒரு இரும்புத் தட்டு, அதுமேல வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு ஏத்தி நிறுத்திட்டா அப்புறம் வண்டியைத் தூக்கவோ சாய்க்கவோ வேண்டாம், நின்ன நெலையிலயே எந்தப் பக்கம் வேணா தள்ளலாம், இருந்த இடத்துலயே சுத்தித் திருப்பலாம். கார் செட்டுல, பெரிய ஒர்க்‌ஷாப்புல எல்லாம் ரொம்ப நாளா இருக்கற சாமான்தான். ஆனா அந்த ஆன்லைன் டாலி ரெண்டே மாசத்துல போச்சுங்க. தகடு ரொம்ப மெல்லிசு, நடுவுல தொட்டி மாதிரி குழிஞ்சிருச்சு. சக்கரம் கட்டை விரல் தண்டிக்கு, டைல்ஸ் இணைப்புல மாட்டினாலே நின்னுரும். ஒரு நாள் தள்ளிட்டு இருக்கும்போதே ஒரு சக்கரத்தோட காம்பு வளைஞ்சு வண்டி ஒரு பக்கம் தாழ்ந்துச்சு, நல்ல வேளை வீட்டுக்காரரு பக்கத்துல இருந்து புடிச்சுட்டாரு. அது வளைஞ்ச இடம் எது தெரியுங்களா, சரியா மாமாவோட தறிக்குழி இருந்த இடம். அந்தக் குழியை மூடும்போது தண்ணி விட்டு திமிசு போடாம, அதாவது இடிச்சு கெட்டியாக்காம, மண்ணைக் கொட்டி அப்படியே மேல காங்கிரீட் போட்டிருக்காங்க, இத்தனை வருஷத்துல அந்த இடம் மட்டும் அரை இன்ச் எறங்கியிருக்கு. கண்ணுக்கு தெரியாது. சக்கரத்துக்குத்தான் தெரியுது. எங்க அம்மாப்பேட்டையில, குகையில, பொன்னம்மாப்பேட்டையில எத்தனையோ பழைய நெசவு வீட்டுல இதே மாதிரி குழியை மூடித்தான் வண்டி நிறுத்தறாங்க, அவங்க எல்லாம் இதை ஒரு தடவை பாத்துக்கணும்.

அப்புறம் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், கேட்டு, ஷட்டர், கிரைண்டர் ஸ்டாண்டுன்னு காலம் பூரா செஞ்சவரு. நான் டாலின்னு சொன்னதும் அளவு கேக்கல, "தரை எப்படிம்மா இருக்கும்?"னு கேட்டாரு. தறிக்குழி கதையைச் சொன்னேன். உடனே சாக்பீஸை எடுத்து பட்டறைத் தரையிலயே கணக்கு போட ஆரம்பிச்சுட்டாரு.

அவரு சொன்னதை அப்படியே எழுதறேன். "வண்டி 195 கிலோ, சக்கரம் நாலு, அப்ப ஆளுக்கு அம்பது கிலோன்னு கடைக்காரன் அம்பது கிலோ சக்கரத்தைக் குடுப்பான், அது தப்புமா. மேடு பள்ளத் தரையில நாலு காலும் ஒரே நேரத்துல மண்ணைத் தொடாது, நாற்காலி ஆடுது பாரு அந்த மாதிரி, எப்பவும் மூணுதான் தாங்கும். 195ஐ மூணால வகுத்தா 65. அதுக்கு மேல ஒரு இடி விழுந்தா தாங்கணும், அதனால ஒவ்வொண்ணும் 100 கிலோ தாங்கற சக்கரமா வாங்கிட்டு வா." பில்லுல பாத்தா ஆன்லைன்ல வந்ததுல ஒரு சக்கரத்துக்கு 50 கிலோதான் போட்டிருந்துச்சு. எனக்கு அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது.

செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில கேஸ்டர் வீல், அதாவது எந்தப் பக்கமும் தலை திரும்பற சின்ன சக்கரம் பாத்தோம். கேஸ்டர்லயே இத்தனை தினுசு இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நைலான் சக்கரம் கெட்டியா இருக்கும், சுலபமா உருளும், ஆனா டைல்ஸ்ல கடகடன்னு சத்தம், ராத்திரி தள்ளினா தெருவே எந்திரிச்சுரும், டைல்ஸ் ஓரமும் பேந்துரும். ரப்பர் சத்தம் போடாது, ஆனா வாரம் பூரா பாரத்தோட ஒரே இடத்துல நின்னா ஒரு பக்கம் தட்டையாயிரும், அப்புறம் தள்ளும்போது டக்கு டக்குன்னு ஏறி இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல பி.யூ. (பாலியூரித்தேன்) சக்கரம்னு ஒண்ணு, வழவழன்னு இருக்கும், நாங்க அதையே எடுத்தோம், 3 இன்ச் விட்டம். சக்கரம் பெருசா இருந்தா சின்னக் கல்லு, டைல்ஸ் இணைப்பு இதெல்லாம் தாண்டிப் போயிரும், சின்னதா இருந்தா ஒரு புளியங்கொட்டை போதும் நின்னுர. அப்புறம் பிரேக்கு. சாதா பிரேக்கு மிதிச்சா சக்கரம் உருளறது மட்டும்தான் நிக்கும், அதோட தலை திரும்பிட்டேதான் இருக்கும், வண்டி லேசா ஆடும். தலையையும் சேத்து கவ்விப் புடிக்கிறதுக்கு டோட்டல் லாக்னு கேக்கணும். கொஞ்சம் காசு கூட, ஆனா நாலு சக்கரத்துக்கும் அதையே போடுங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்லுவேன்.

மூணு இன்ச் சக்கரம் போட்டா தட்டு அஞ்சு இன்ச் உயரத்துக்கு போயிருமே, அவ்வளவு மேல புல்லட்டை எப்படி ஏத்தறதுன்னு நான் பயந்தேன். அண்ணன் தட்டை சக்கரத்துக்கு மேல வெக்கல, சக்கரங்களுக்கு நடுவுல தொங்க விட்டாரு. நாலு மூலையிலயும் காது மாதிரி இரும்பை மேல வளைச்சு அதுல சக்கரத்தை மாட்டினாரு, தட்டு தரையில இருந்து அரை இன்ச்தான் தூக்கி இருக்கு. தட்டு கால் இன்ச் தகடு, ஆக மொத்தம் முக்கா இன்ச் உயரம். வண்டியை கொண்டு போயி சென்டர் ஸ்டாண்டோட ரெண்டு கால் அகலத்தையும் டேப் வெச்சு அளந்து, ரெண்டு பக்கமும் 4 இன்ச் தாராளமா விட்டு, ஸ்டாண்டு வழுக்காம இருக்க தட்டு ஓரத்துல அரை இன்ச் சதுரக் கம்பியை வரப்பு மாதிரி சுத்தி பத்த வெச்சாரு. எங்க வண்டி சென்டர் ஸ்டாண்டுல நின்னா முன் சக்கரம் தரையைத் தொடும், பக்கவாட்டுல தள்ளும்போது அது தேயும் இல்லீங்களா, அதுக்கு தனியா ஒரு குட்டித் தட்டு, அதுக்கும் நாலு சக்கரம். எனக்கு எல்லாம் சேத்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. என் கால் எலும்புக்கு ஆன செலவை இதோட ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு மனசு வரல.

இதுல வண்டியை ஏத்தறதுக்குன்னு ஒரு முறை இருக்கு, அதை விட்டுட்டு டாலி மட்டும் வாங்கினா பிரயோஜனம் இல்ல. ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரு ஏத்தி வெச்சுட்டுப் போவாரு. மொதல்ல பின் சக்கரத்துக்கு கீழ முக்கா இன்ச் பலகை ஒண்ணு போடணும், ஏன்னா தட்டு முக்கா இன்ச் உயரத்துல இருக்கு, வண்டியையும் அதே அளவுக்கு தூக்கி நிறுத்தினாத்தான் சென்டர் ஸ்டாண்டு போடும்போது பழைய பாரமே இருக்கும், இல்லன்னா ஆளு தொங்கினாலும் ஏறாது. அப்புறம் தட்டை பக்கவாட்டுல இருந்து ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தள்ளி, நாலு பிரேக்கும் மிதிச்சு, தட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் முட்டுக்கட்டை வெக்கணும். வலது கால ஸ்டாண்டு மேல வெச்சு ஆளோட பாரத்தை முழுசா எறக்கணும், கையால தூக்கக் கூடாது, கை சும்மா வழி காட்டத்தான். ஸ்டாண்டோட ரெண்டு காலும் தட்டுல உக்காந்த சத்தம் 'டண்'ணுன்னு ஒண்ணா கேக்கும், தனித்தனியா கேட்டா ஒரு கால் வரப்பு மேல ஏறியிருக்குன்னு அர்த்தம், இறக்கி மறுபடி போடணும். கடைசியா அவரு பின் சீட்டை அமுத்திப் புடிப்பாரு, முன் சக்கரம் தூக்கும், நான் குட்டித் தட்டை கால்ல தள்ளி உள்ள விடுவேன்.

திங்கக்கிழமை காலையில நான் செய்யறது இவ்வளவுதான். விளக்கமாத்தை எடுத்து ஒரு தடவை தரையைக் கூட்டறேன். பிரேக்கை எடுத்து விடறேன். ஒரு கை சீட்டுல, ஒரு கை தட்டுல மாட்டியிருக்கற கைப்புடியில வெச்சு மெதுவா தள்ளறேன், ஹேண்டிலைப் புடிச்சுத் தள்ளக் கூடாது, அது திரும்பும். மொத தள்ளுல நாலு சக்கரமும் தலையைத் திருப்பிக்கும், அந்த நேரத்துல வண்டி ஒரு இன்ச் ரெண்டு இன்ச் பக்கவாட்டுல வெட்டும், அதுக்கு பயந்து விட்டுறக் கூடாது, பழகினா அடுத்த வாரமே தெரியாது. வண்டி சுவரை ஒட்டிப் போயி நின்னதும் மறுபடி நாலு பிரேக்கு. ஸ்கூட்டியை வெளிய எடுக்கறேன். ரெண்டு நிமிஷம் கூட ஆகறதில்ல. யாரையும் கூப்பிடறதில்ல. வண்டி டாலி மேல இருக்கும்போது ஸ்டார்ட் பண்றது, மேல ஏறி உக்கார்றது, பசங்களை உக்கார வெச்சு ஆட்டறது இதெல்லாம் கூடவே கூடாது, எங்க வீட்டுக்கு வர்ற சின்னப் பசங்ககிட்ட இதை நான் கண்டிப்பா சொல்லி வெச்சிருக்கேன்.

இப்போ நான் பயப்படற விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுல பாத்துட்டு ஏற்காட்டுல இருக்கற எங்க அக்கா மகனும் ஒரு டாலி வாங்கிட்டான். அங்க வீடு எல்லாம் சரிவுலதான், இருவது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போற ஊருல சமதரைக்கு எங்க போறது, வீட்டு முன்னாடி சிமெண்ட்டுத் தரையும் வழிஞ்சுதான் கெடக்கு, மழை மாசத்துல பாசி வேற. ஒரு ராத்திரி நல்ல மழை, பிரேக்கு ரெண்டுதான் போட்டிருந்தான், வண்டி டாலியோட சேந்து தானா உருண்டு போயி கீழ காம்பவுண்டு சுவருல மோதி சாய்ஞ்சு கெடந்துச்சு. காலையில அந்த வழியாத்தான் அக்கா பூப்பறிக்கப் போறது வழக்கம். நெனைச்சாலே எனக்கு ஒடம்பு நடுங்குது.

கொண்டலாம்பட்டி அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்போ அவரு மறுபடியும் சாக்பீஸ் எடுத்தாரு. பத்தடிக்கு ரெண்டு இன்ச் வாட்டம்னா அறுவதுல ஒரு பங்கு, 195 கிலோ வண்டியை அது மூணேகால் கிலோ பலத்துல கீழ இழுக்கும். நல்ல சக்கரம் வழவழப்பான தரையில உருள்றதுக்கு தேவையானதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது சாதாரண போர்டிகோ வாட்டத்துலயே வண்டி போகலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு நிக்குது. அதுவே ஆறடி நீளத்துல ஒன்றரை அடி ஏறற ரேம்ப்புன்னு வெச்சுக்குங்க, இழுவை கிட்டத்தட்ட 50 கிலோ ஆயிரும், அதை எந்தப் பொம்பளையும் எந்த ஆம்பளையும் புடிச்சு நிறுத்த முடியாது. அதனால ரேம்ப்புல டாலியை எறக்கவே கூடாது, சரிவுத் தரையில டாலியே வேண்டாம். அக்கா வீட்டுல அதை எடுத்துட்டு, வண்டி நிக்கிற இடத்தை மட்டும் எட்டுக்கு எட்டு அடி மட்டம் பண்ணி, ரசமட்டம் வெச்சுப் பாத்து பூசச் சொல்லியிருக்கோம், அந்தத் திட்டுக்கு கீழ் ஓரத்துல நாலு இன்ச் கட்டையும் கட்டறாங்க, அது முடிஞ்ச பெறகுதான் டாலி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இப்போ வர்ற நெறைய வண்டியில சென்டர் ஸ்டாண்டே கெடையாது, சைடு ஸ்டாண்டு மட்டும்தான். அதுக்கு நீளமான டாலி வேணும், ரெண்டு சக்கரமும் உக்கார்ற மாதிரி சேனல் (வாய்க்கால் மாதிரி மடிச்ச இரும்பு) போட்டு, சைடு ஸ்டாண்டுக்கு பக்கத்துல நீட்டிக்கிட்டு ஒரு தட்டு வெச்சது. கிளாசிக் 350க்கே ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 1390 மில்லிமீட்டர் இருக்கு, ஆக டாலி ஏழடி வரும், சின்ன போர்டிகோவுல அது திரும்ப இடம் இருக்கான்னு மொதல்ல அளந்து பாருங்க. பசங்க நெறைய பேரு சைடு ஸ்டாண்டு மேலயே வண்டியை முழுசா சாய்ச்சு ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரே சுத்தா திருப்பறாங்க. பாக்க நல்லா இருக்கும், ஆனா அத்தனை கிலோவும் அந்த ஒத்தை போல்ட்டு மேல, பிரேம்ல பத்த வெச்ச அந்தச் சின்னத் துண்டு மேல விழுது. அது விட்டுப் போச்சுன்னா எந்தப் பக்கம் விழும்னு சொல்ல முடியாது. என் பையன்கிட்ட அதைச் செய்யக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

உங்க வீடு கட்டற பக்கத்துல எழுதற இன்ஜினியருங்களுக்கும், நம்ம ஊரு மேஸ்திரிங்களுக்கும் என்னோட வேண்டுகோள் இதுதாங்க. போர்டிகோ பூரா கேட்டைப் பாத்து வாட்டம் குடுக்காதீங்க. ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு மட்டும் வாட்டமும் தண்ணி போற வழியும் குடுத்துட்டு, வண்டி நிக்கிற இடத்தை முடிஞ்ச வரைக்கும் மட்டமா விடுங்க. தண்ணி தேங்கும்னு சொல்லுவாங்க, தேங்கற தண்ணியை ஒரு வைப்பர் வெச்சு தள்ளிக்கலாம், உருண்டு வர்ற புல்லட்டை தள்ளிக்க முடியாது. கட்டம் கட்டமா பள்ளம் போட்ட பார்க்கிங் டைல்ஸ் வழுக்காதுன்னு எல்லாரும் போடறாங்க, அந்தப் பள்ளத்துல சின்ன சக்கரம் எதுவும் போகாது, அத்தையோட வாக்கர் சக்கரமும் அதுலதான் சிக்குது. சொரசொரப்பா தேய்ச்ச சிமெண்ட்டுத் தரையே போதும். பழைய தறிக்குழி இருந்தா தோண்டி எடுத்து, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டு திமிசு போட்டு நெரப்பச் சொல்லுங்க. நாங்க அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி போட்டோம், ரெண்டு நாள் வேலைதான். உள்ள மாமாவோட தறி மிதிகட்டை ஒண்ணு கெடைச்சுது, மண்ணுக்குள்ள இருந்தும் மக்காம அப்படியே இருந்துச்சு, அத்தை அதைக் கழுவி சாமி ரூம்ல வெச்சிருக்காங்க.

பட்டறை வெச்சிருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. சேலத்துல இரும்பு வேலை தெரிஞ்ச கை எத்தனையோ இருக்கு, ஆன்லைன்ல வர்ற மெல்லிசு தகட்டை விட ஆயிரம் மடங்கு நல்லா உங்களால செய்ய முடியும். யாராவது டாலின்னு கேட்டு வந்தா அளவை மட்டும் கேக்காம, வண்டி எத்தனை கிலோ, தரை மட்டமா, யாரு தள்ளப் போறாங்கன்னு கேளுங்க. அந்த மூணாவது கேள்வியை கொண்டலாம்பட்டி அண்ணன் என்கிட்ட கேட்டாரு. "நான்தான் அண்ணா தள்ளுவேன்"னு சொன்னேன். உடனே தட்டுக்கு பக்கத்துல என் இடுப்பு உயரத்துக்கு கழட்டி மாட்டற மாதிரி ஒரு கைப்புடியும் செஞ்சு குடுத்தாரு, இப்போ நான் குனியாமலே தள்ளறேன்.

அந்த டாலியோட அளவு, சக்கரம் வாங்கின விவரம், தட்டு எப்படி தொங்க விட்டிருக்குன்னு என் பையன் வரைஞ்ச படம், எல்லாம் ஒரு தாள்ல எழுதி இந்தக் கடிதத்தோட சேத்து அனுப்பியிருக்கேன். இடம் இருந்தா படத்தை மட்டுமாவது போடுங்க அய்யா, வெட்டி எடுத்துட்டுப் போயி பட்டறையில காட்டறதுக்கு சுலபமா இருக்கும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.